போகிற விமானத்தை ஓட்டத் தெரியாதவன்

பொறுமைக்குப் பேர்போன என் மனைவிக்கு,

நீ இல்லாத வீட்டிலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக நீ நம்பமாட்டாய். நீயும், மகளும், மாப்பிள்ளையும், நான் இன்னும் கையில் தூக்காத என் பேத்தியும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தெம்பு இல்லை.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று கேட்பாய். போனில் நீ, "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கேஸை மூடினீங்களா" என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "இதோ பாப்பாவைப் பாருங்க" என்று போனைத் திருப்பிவிடுகிறாய். அங்கே எனக்குத் தெரிவது பெரும்பாலும் மின்விசிறி. போதாததற்கு, பல் டாக்டர் தொழில் அப்படி. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே பேசிப் பேசிக் கிழவனானவன் நான். எதிரில் இருப்பவர் பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்தால்தான் எனக்குப் பேச்சு சரளமாக வரும். அதற்குக் கடிதத்தை விட்டால் வேறு வழி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். "அவ திரும்ப வேலைக்குப் போகணுமாம். இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போம்மான்னு கேக்கறா. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்க என்ன இருக்கு, நீங்களும் கிளம்பி வந்துடுங்களேன்" என்று நீ மெதுவாக ஆரம்பித்தாய். உடனே நான் குக்கர் சத்தம் கேட்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். குக்கர் சத்தமெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. நம் வீட்டுக் குக்கர் இப்போது வேறு வேலை பார்க்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

யோசித்தாயிற்று. நீ இரு. ஒரு வருஷம் என்ன, பாப்பா பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் இரு. பிரசவத்துக்கு என்று போனாய். அவள் பிறந்தாள், கவிழ்ந்தாள், இப்போது உட்கார்ந்துவிட்டாள். நடப்பதையும் நீயே பக்கத்தில் இருந்து பார். ஆனால் நான் வரமாட்டேன். நான் விமானம் ஏறமாட்டேன் என்பது உனக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டாருக்கும் நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய். சாய்ந்த நாற்காலியில் கட்டிப் போட்டதுபோல் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு, "ஒண்ணும் ஆகாது, ரிலாக்ஸா இருங்க" என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடப்பது என்னால் முடியாது. அதே வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! சொல்லும்போது முதுகுக்குப் பின்னால் கையில் என்ன வைத்திருந்தேன் என்பதும் எனக்குத் தெரியுமே.

என்னைப் பற்றி நீ கவலைப்படவே கூடாது என்பதற்காக ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். எனக்கு ஒரு பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. நாளெல்லாம் அதிலேயே போய்விடுகிறது. ரிமோட் வைத்து ஓட்டுகிற பொம்மை விமானம். சிரிக்காதே. மகளிடம் சொல்லாதே. சொல்லிவிட்டாயானால் அவள் சிரித்து முடித்த பிறகு மேலே படி.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், உன்னை அனுப்பி வைத்த அன்றைக்கே ஆரம்பித்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போன நீ, எந்த வரிசை என்று தெரியாமல் என் பக்கம் திரும்பி நின்றாய். சத்தம் கேட்காது என்பதால் நான் இந்தப் பக்கத்திலிருந்து "வலது பக்கம், வலது பக்கம்" என்று வாயை மட்டும் அசைத்தேன். அதை நீ ஒழுங்காகப் படித்துக்கொண்டு உன் வலது பக்கம் போய், ஏதோ ஒரு விளையாட்டுக் குழுப் பையன்களுக்கு நடுவில் நின்றுவிட்டாய். நான் சொன்னது என் வலது. அப்புறம் யாரோ ஒரு அம்மாள் உன் கையைப் பிடித்துச் சரியான வரிசையில் கொண்டுபோய் விட்டார். அந்த அவசரத்தில் நீ திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றேன். விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. உன்னுடையது எது என்று தெரியவில்லை. எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால், குளியலறைக் குவளையில் உன் பழைய பிரஷ் நிற்கிறது. ஊருக்குப் போகும்போது புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு போனாய். பிரஷ்ஷை அடிக்கடி மாற்றுங்கள், பழசைத் தூக்கி எறியுங்கள் என்று வாழ்நாள் முழுக்க எல்லாரையும் விரட்டிய நான் அதை எறியவில்லை. இன்னும் அங்கேதான் நிற்கிறது. தினமும் காலையில் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு என்னுடையதை எடுக்கிறேன். இதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்காதே.

சரி, விமானத்துக்கு வருகிறேன். இவ்வளவு கனமான ஒன்று எப்படித்தான் மேலே நிற்கிறது என்று ஒரே யோசனை. ஏறமாட்டேன் என்பதால் தெரிந்துகொள்ளக்கூடாது என்று சட்டமா என்ன? கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. பேசும்போது லேசாக விசில் வரும். "முதல்முறையா ஓட்டப்போறீங்களா? அப்ப இதை எடுத்துக்குங்க சார்" என்று ஒரு வெள்ளை விமானத்தைக் காட்டினார். இறக்கை உடம்புக்கு மேலே, பலகை மாதிரி நீளமாக இருந்தது. தெர்மாகோல் உடம்பு. மெதுவாகப் போகுமாம். ரிமோட்டில் இருக்கும் குச்சியை விட்டுவிட்டால் தானாகவே நேராகிக்கொள்ளுமாம். பார்த்தால் கஞ்சி குடித்த மூஞ்சி. எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒன்று நின்றது பார், சிவப்பாக, இறக்கை கீழே, மூக்கு கூர்மை, மூக்கின் இரண்டு பக்கமும் திறந்த வாய், வாய் நிறையப் பல்! சுறாப் பல் வரைந்திருந்தார்கள். என்ன வரிசை, என்ன வெண்மை! ஒரு பல்கூடக் கோணல் இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். "சார், அது பழகினவங்களுக்கு. நீங்க தும்மறதுக்குள்ள தரைக்கு வந்துடும்" என்றார் கடைக்காரர். "அதை நான் பாத்துக்கறேன், நீங்க அந்த முன்பல் இடைவெளியைக் கவனிங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

தும்மவில்லை. தும்மல் வருவதுபோல் இருந்தபோதே அது தரைக்கு வந்துவிட்டது.

விமானம் விடுவதற்கு இங்கே ஒரு மைதானம் இருக்கிறது. பாதியில் விமானக்காரர்கள், மீதிப் பாதியில் டிரைவிங் ஸ்கூல்காரர்கள். விமானக்காரர்களுக்குத் தலைவர் யார் என்று நினைக்கிறாய்? நம்ம கடைவாய்ப்பல் மேனேஜர்! "மனுஷங்களைப் பல்லை வெச்சு ஞாபகம் வெச்சுக்காதீங்க" என்று நீ திட்டுவாய், தெரியும். ஆனால் எனக்கு அவர் முகத்தைப் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. சிவப்பு விமானம் மூக்கை மண்ணில் குத்திக்கொண்டு நின்றதைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தபோதுதான், அடடா, கீழ்வரிசையில் வலது கடைவாய்ப்பல் இல்லை, நம் கைவேலை அல்லவா என்று அடையாளம் தெரிந்தது. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் என்னைத் தெரிந்துகொண்டார். முகத்தில் ஒரு பழைய வலியும் ஒரு புது சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "டாக்டர்! வாங்க வாங்க. இனிமே நான் சொல்றதை நீங்க கேக்கணும். வாயைத் திறக்கக்கூடாது" என்றார்.

அவர் சொன்னபடி மறுபடி அதே கடைக்குப் போய் அந்தக் கஞ்சி மூஞ்சி வெள்ளை விமானத்தையே வாங்கி வந்தேன். கடைக்காரர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். லேசாக விசில் மட்டும் வந்தது.

விமானம் என்றால் பெட்டியிலிருந்து எடுத்துப் பறக்கவிடுகிற விஷயம் என்று நினைக்காதே. நாமே பூட்ட வேண்டும். சாப்பாட்டு மேஜை முழுக்க அதுதான் கிடக்கிறது; நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், அது ஜீரணத்துக்கும் நல்லது. இறக்கையின் பின்விளிம்பில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அசைகிற பட்டைகள் இருக்கும். ஒன்று மேலே எழும்பினால் மற்றது கீழே இறங்கும், விமானம் ஒரு பக்கம் சாயும். அந்தப் பட்டைகளைக் குட்டி மோட்டாருடன் மெல்லிய கம்பியால் இணைக்க வேண்டும். இந்த வேலையில் என்னை அடிக்க ஆள் இல்லை. பல்லுக்குக் கம்பி கட்டிய கை! சிவப்பு விமானத்தின் உடைந்த மூக்கைக்கூடப் பல் அடைக்கிற சிமெண்டால் ஒட்டி ஷெல்பில் வைத்திருக்கிறேன். பல் வரிசை கொஞ்சமும் கெடவில்லை. அப்புறம் எடை பார்க்க வேண்டும். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் தொங்கினால் ஆபத்து. என்னுடையது வால் தொங்கியது. பழைய எக்ஸ்ரே பிலிம் உறைகளுக்குள் இருக்கும் ஈயத் தகட்டை, "குப்பை, குப்பை" என்று நீ எறியச் சொன்னாயே, அதை மடித்து மூக்கில் திணித்தேன். மட்டமாக நின்றது. விரல் நுனியில் அது அசையாமல் நின்ற அந்த நேரம், "இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டுவிட்டேன். யாரை என்று கேட்காதே. சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டேன்.

குக்கர் விஷயம் இதுதான். இந்த விமான பேட்டரியைச் சார்ஜ் போடும்போது கவனக்குறைவாக இருந்தால் தீப்பிடிக்குமாம். தீ தாங்கும் பாத்திரத்தில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார் மேனேஜர். உன் பெரிய குக்கரில் வைத்து, மூடி போடாமல், பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காக்கிறேன். குக்கரைத் தீய விட்டுவிடுவேன் என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாயே, அந்தக் குக்கரை இப்போது நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றும் செட் பண்ண வேண்டும். ரிமோட்டின் பேச்சு விமானத்துக்குக் கேட்காமல் போய்விட்டால் அது என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். "ரொம்ப தூரம் போயிடும் டாக்டர், அப்ப நீங்க சொல்றது அதுக்குக் கேக்காது. அந்த நேரத்துல மோட்டாரை நிறுத்திட்டு, மெதுவா வட்டம் போட்டு, இருக்கற இடத்துலயே இறங்கணும். அப்படிச் சொல்லி வெச்சுட்டா எங்கயும் ஓடிப் போகாது" என்றார் மேனேஜர். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நம் வீட்டு நினைப்பு வந்துவிட்டது. நீ போனதிலிருந்து நானும் ஹாலிலிருந்து பால்கனிக்கு, பால்கனியிலிருந்து படுக்கையறைக்கு என்று வட்டம்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை யார் இப்படிச் செட் பண்ணி வைத்தார்களோ தெரியவில்லை. எங்கேயும் ஓடிப்போகவில்லை என்பது உனக்குத் திருப்தியாக இருக்கட்டும்.

இனிமேல்தான் கேவலமான பகுதி. "எல்லாம் செக் பண்ணிட்டீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். "பாத்தாச்சு" என்றேன். டாக்டர் ஆயிற்றே என்று அவரும் நம்பிவிட்டார். அவர் கையால் தூக்கி வீச, விமானம் ஜம்மென்று ஏறியது. நான் வலது பக்கம் திருப்பினேன். அது இடது பக்கம் போய் டிரைவிங் ஸ்கூல் காரின் முன்கண்ணாடியில் படுத்துக்கொண்டது. உள்ளே ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பெண் பிரேக்குக்குப் பதில் வேறு எதையோ மிதிக்க, கார் போய் ரிவர்ஸ் எடுக்கப் பழகுவதற்காக நட்டிருந்த கம்புகளையெல்லாம் சாய்த்துவிட்டது. டிரைவிங் மாஸ்டர் இறங்கி வந்து, "பெரியவரே, ஆகாசம் அவ்வளவு பெருசா இருக்கே, அதுல இடம் கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார். மறுநாள் மரத்தில் மாட்டியது. அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைக்குள் புகுந்துகொண்டது. போர்வைக்கார அம்மாள் அதைத் திருப்பித் தரும்போது, தன் மேல்வரிசைப் பல் கூசுகிறது என்று சொல்லி ஒரு ஆலோசனையும் கேட்டுக்கொண்டார். நான் தெர்மாகோலை ஒட்டுவேன், பறக்கவிடுவேன், பொறுக்குவேன். இப்படியே போயிற்று.

ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. எப்போதாவது விமானம் தப்பித்தவறித் தானாகத் திரும்பி என்னை நோக்கி வர ஆரம்பித்தால், நான் ஓட்டுகிற அழகே தனி. வலது என்றால் வலது, இடது என்றால் இடது. வெண்ணெய் மாதிரி வரும், என் காலடியில் இறங்கும். மைதானமே கைதட்டும். புதிதாக ஓட்டுகிற எல்லாருக்கும் விமானம் போகும்போது சுலபம், எதிரே வரும்போதுதான் தடுமாற்றம். அது நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடது நமக்கு வலதாகிவிடும் அல்லவா? எனக்கு மட்டும் தலைகீழ். "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல டாக்டர். வர்றதைப் பிரமாதமா ஓட்டறீங்க. போறதைத்தான் உங்களால ஓட்ட முடியல" என்றார் மேனேஜர். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு என்னமோ செய்தது. இத்தனை வருஷமும் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வருவார்கள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். போகிறவர்களை நான் எங்கே பார்த்தேன்? அவர்கள் எழுந்து போகும்போது நான் கை கழுவிக்கொண்டிருப்பேன்.

கடைசியில் மேனேஜருக்கே ரோஷம் வந்துவிட்டது. "கொடுங்க இப்படி. எப்படிப் போகணும்னு நான் காட்டறேன்" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார். மைதானத்தில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். "கவனிங்க டாக்டர், இதுல ஒண்ணுமே இல்ல, மென்மையா வலது பக்கம்..." என்று சொல்லி முடிப்பதற்குள் விமானம் இடது பக்கம் ஒரு பல்டி அடித்து அவருடைய ஸ்கூட்டர் மேலேயே விழுந்தது. எல்லாரும் ஸ்கூட்டரைப் பார்க்க ஓடினார்கள். எனக்கு மட்டும் சொல்ல முடியாத சந்தோஷம். டிரைவிங் மாஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து, "ஓ, உங்க சங்கத்துல எல்லாருமே இப்படித்தானா?" என்று குரல் கொடுத்தார்.

மேனேஜர் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வாலுக்குப் பின்னால் நின்று, குச்சியை வலது பக்கம் அசைத்துப் பார்த்தார். வலது இறக்கையின் பட்டை கீழே இறங்கியது. மேலே ஏற வேண்டிய பட்டை அது.

"யார் இதை செட் பண்ணது?"

"நான்தான்."

"எங்க நின்னு பாத்தீங்க?"

"எதிர்ல நின்னுதான். மூஞ்சியைப் பாக்காம எப்படிப் பாக்கறது?"

நான் விளக்கினேன். சாப்பாட்டு மேஜையில் அதன் மூக்கு என் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டுதான் எல்லாம் பூட்டினேன். யாருக்கும் பின்மண்டையைப் பார்த்து நான் வேலை செய்ததில்லை. குச்சியை நான் தள்ளுகிற பக்கம் அது சாயும்படி, என் கண்ணுக்குச் சரியாக வைத்தேன். பின்னாலிருந்து பார்த்தால் அது முழுக்கத் தலைகீழ். ஓட்டுகிறவர் விமானத்துக்குள் உட்கார்ந்து முன்னால் பார்ப்பதுபோல் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்குள் உட்காருவதை நான் கனவில்கூட நினைத்துப் பார்த்ததில்லையே.

"டாக்டர், உங்க தொழில்ல பேஷண்டோட வலது உங்களுக்கு இடதுதானே? அதுகூட உங்களுக்கு..." என்று ஆரம்பித்த மேனேஜர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் கை மெதுவாகத் தன் வலது கன்னத்துக்குப் போயிற்று. "என்னோட சரியான பல்லைத்தானே எடுத்தீங்க?"

"சத்தியமா சரியான பல்தான். வாய் திறந்திருந்தா எனக்கு இந்தக் குழப்பமே வராது. இந்த வெள்ளைக்கு வாய் வரையலையே" என்றேன். அவர் அரைமனதாக நம்பினார். இப்போதும் என்னோடு பேசும்போது நடுநடுவே நாக்கால் அந்த இடத்தைத் துழாவுகிறார்.

இவ்வளவு ரகளைக்கும் மருந்து என்ன தெரியுமா? ரிமோட்டில் ஒரு சுவிட்ச். அதைத் தட்டினால் திசை மாறிவிடும், அவ்வளவுதான். தட்டினார். ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு விமானத்தை வீசினார். அது மேலே ஏறி, என்னை விட்டு நேராகப் போயிற்று. வலது என்றேன், வலது பக்கம் சாய்ந்தது. இடது என்றேன், கேட்டது. போய்க்கொண்டே இருந்தது, வாலை மட்டும் காட்டிக்கொண்டு, மரங்களைத் தாண்டி, ஒரு வெள்ளைப் பல் அளவுக்குச் சின்னதாகிறவரைக்கும். யாரும் கைதட்டவில்லை, எல்லாரும் செய்கிற காரியம்தானே. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூரியனைப் பார்த்ததால் என்று மேனேஜரிடம் சொன்னேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார்.

அன்றைக்குத்தான் நீ போனதை நான் ஒழுங்காகப் பார்த்தேன் என்று தோன்றுகிறது. நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடலாம் என்று இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். வேறு பேச்சு ஒன்றும் வரவில்லை. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது எனக்கும் மற்றவர்களைப் போல வருவதில்தான் தடுமாற்றம். அதற்கும் மேனேஜர் ஒரு உபாயம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எதிரே வரும்போது இடதா வலதா என்று யோசிக்கவே கூடாதாம். எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் போதும், கீழே கைகொடுத்துத் தூக்கிவிடுவதுபோல. தாழ்ந்த பக்கம் முட்டுக்கொடு, நேராக வந்துவிடும். நன்றாகவே வருகிறது.

ஆகவே எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் மைதானம், மத்தியானம் ஒட்டு வேலை, சாயந்திரம் குக்கருக்குக் காவல். இரண்டு வேளை பல் தேய்க்கிறேன். நேற்று நீ போனைத் திருப்பியபோது மின்விசிறிக்குப் பதில் தற்செயலாகப் பாப்பாவின் வாயே தெரிந்தது. கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு கோடு. "பல் வருதா, பால் ஒட்டியிருக்கா?" என்று நான் கேட்பதற்குள் படம் நின்றுபோய்விட்டது. அது நடுப்பல்லா, பக்கத்துப் பல்லா? சுத்தமான விரலால் மெதுவாகத் தடவிப் பார், நுனி ரம்பம் மாதிரி உறுத்தும். ஊரில் உள்ள அத்தனை வாயையும் திறந்து பார்த்தவனுக்குச் சொந்தப் பேத்தியின் முதல் பல் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. பரவாயில்லை. பல் எங்கேயும் போய்விடாது. போனாலும் திரும்ப முளைக்கிற பல்தான்.

நீ நிம்மதியாக அங்கேயே இரு. மகளைப் பயமில்லாமல் வேலைக்குப் போகச் சொல். மாப்பிள்ளையை இரவில் பல் தேய்க்கச் சொல்; தேய்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும், சிரிப்பிலேயே தெரிகிறது. பாப்பா நூறு வயது வரை தன் சொந்தப் பற்களோடு வாழட்டும் என்று தாத்தா ஆசீர்வதிப்பதாகச் சொல். உனக்கு என் அன்பு. என்னைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம். விமானத்தில் ஏறச் சொல்லி மட்டும் இனிமேல் கேட்காதே, அது நடக்காத காரியம்.

இப்படிக்கு,
உன்னுடைய,
தரையிலேயே சௌக்கியமாக இருக்கும் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும்போது மேனேஜர் வந்தார். படித்துக் காட்டினேன். "டாக்டர், இதுல ஒரு பக்கம் ரொம்பத் தாழ்ந்து போயிருக்கு" என்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து தன் போனிலேயே எனக்கு டிக்கெட் போட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஒண்ணும் ஆகாது, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். ஆச்சு, ஆச்சு, முடிஞ்சுபோச்சு" என்றார். என் வசனம்தான், ஒரு எழுத்து மாறவில்லை. அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். வெள்ளை விமானத்தின் இறக்கையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று, பேட்டரியை மேனேஜரிடம் விட்டுவிட்டேன். பாப்பாவின் பல்லைப் பார்க்க என் சின்னக் கண்ணாடியையும் எடுத்து வைத்திருக்கிறேன். உன் பழைய பிரஷ்ஷை இன்று காலையில் எறிந்துவிட்டேன். நான் வந்து இறங்கும் அன்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில். வலது இடது என்று வாயசைத்து எனக்கு வழி சொல்லாதே. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என் கண்ணில் படும்படி சும்மா நில், போதும். நேராக வந்துவிடுவேன்.